ஸ்டோர் ஐயாவின் அவசரப் பெட்டி

இரண்டு சாவி இல்லாத பூட்டை புவனேஸ்வரன் வாங்கமாட்டார். ஒன்று இடுப்பில் தொங்கவேண்டும், இன்னொன்று வீட்டு அலமாரியில் இருக்கவேண்டும். இரட்டைக்குளத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் பார்த்தவர். அங்கே ஒரு சாவி ஸ்டோர்காரரிடமும் மற்றது மானேஜர் அறையிலும் இருக்கவேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்று கோலா பிலா பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு பார்த்து வந்த பிறகு மானேஜரும் இல்லை, ஸ்டோரும் இல்லை. விதி மட்டும் சாமான் லோரியில் ஏறிக் கூடவே வந்துவிட்டது. சீனி டப்பா இருக்கும் அலமாரிக்குக்கூட அந்த வீட்டில் பூட்டு உண்டு.

"எங்க வீட்டுக்காரரு உப்புக்கு மட்டும்தான் இன்னும் பூட்டு போடல" என்று வந்தவர்களிடம் திலகா சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், சாவிக்கொத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

வேன் வாங்கும் ஆசை அவருக்கு வந்ததல்ல. அவள்தான் கேட்டாள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, ஐம்பத்தெட்டு வயது வரை சிரம்பானைத் தாண்டியது விரல்விட்டு எண்ணும் தடவைதான். கைபேசியில் யார் யாரோ வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்து, கடலோரத்தில் கண் விழிப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மகள் மாதவி ஜோகூரில் வேலை பார்க்கிறாள். அவளும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். கெமாஸில் ஒருவர் பழைய பள்ளிக்கூட வேனை விற்றார். புவனேஸ்வரன் அதை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டில் போட்டு, அடுப்பு மேடை வைத்து, தண்ணீர்த் தொட்டி பொருத்தி, ஆறு மாதத்தில் ஒரு வீடாக்கிவிட்டார். கை வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் காசு கட்டி, நாலு வேனுக்கு நடுவே நிறுத்தித் தூங்குவதில் திலகாவுக்கு இஷ்டமில்லை.

"அதுக்கு நம்ம லயத்துலயே இருந்திருக்கலாமே. பக்கத்து வீட்டுக்காரன் கொறட்டைதான் அங்கயும் கேட்டுச்சு. ஆளே இல்லாத எடமா போலாம் லா."

ஆளே இல்லாத இடம் என்றால் கூப்பிட்டால் யாரும் வராத இடம் என்றும் அர்த்தம். புவனேஸ்வரனின் மண்டைக்குள் இது இறங்கிய அன்றே அவசரப் பெட்டி வேலை தொடங்கிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியபோது ஏலத்தில் எடுத்த இரும்புப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு காலத்தில் டிரஸ்ஸர் மருந்து வைத்திருந்த பெட்டி. அதைத் தேய்த்து, பச்சை பெயிண்ட் அடித்து, மூன்று வாரம் அதற்காகவே வாழ்ந்தார் என்று சொல்லலாம். டார்ச் லைட் இரண்டு, பேட்டரி, கயிறு, காயக்கட்டு, பாம்பு கடித்தால் சுற்றும் அகலத் துணி, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குப் பொடி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, டயர் ஒட்டும் சாமான், ஜாக்கி, அடுப்புக்கு மாற்று கேஸ் டின் மூன்று, ஆள் தொலைந்தால் ஊத ஒரு விசில், அடையாள அட்டையின் நகல், கிரீம் கிரேக்கர் பிஸ்கட் ஒரு டின். திலகாவுக்கு இனிப்பு நீர் வியாதி. தினம் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறவள். அதனால் சீனிப் பாக்கெட் பன்னிரண்டும் ஆரஞ்சு மிட்டாய் முப்பதும் வைத்தார். ஊசி போடுகிறவர்களுக்குச் சில சமயம் சீனி திடீரென்று இறங்கிவிடும், உடனே இனிப்பு கொடுக்கவேண்டும் என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த தாளில் படித்திருந்தார். படித்ததை மறக்கவும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சல்.

மூடியின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டினார். சாமான் பெயர், எண்ணிக்கை, வைத்த தேதி, எடுத்தால் கையெழுத்து. ஸ்டோரில் ஒவ்வொரு தட்டுக்கும் இப்படி ஒரு அட்டை தொங்கும்.

"நான் பிளாஸ்டர் எடுத்தாலும் கையெழுத்து போடணுமா?" என்று கேட்டாள் திலகா.

"போட்டாத்தான் என்ன? கை தேஞ்சா போவுது?"

முதல் பயணம் சி ரூசா. கடற்கரை ரோட்டை விட்டு இறங்கி, சவுக்கு மரங்களுக்கு அடியில் வேனை நிறுத்தி இரண்டு நாள் இருந்தார்கள். திலகா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து புவனேஸ்வரன் பார்த்ததில்லை. அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஆனால் மறுநாள் கிளம்புமுன் பெட்டியைத் திறந்து சரிபார்த்தார். மிட்டாய் இருபத்தாறு இருந்தது. அட்டையில் கையெழுத்து இல்லை.

"நாலு மிட்டாய் எங்க?"

"காலையில தலைய சுத்திச்சு. வேர்த்து ஊத்திச்சு. எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்."

"தல சுத்துச்சா, நாக்கு சுத்துச்சா?"

"போங்களேன்" என்று சிரித்துவிட்டு அவள் பாயைச் சுருட்டப் போய்விட்டாள். இனிப்பு என்றால் அவளுக்கு உயிர் என்பதும், தீபாவளிக்கு நெய்யுருண்டையை முந்தானைக்குள் மறைத்துத் தின்பவள் என்பதும் ஊருக்கே தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததை முடிவு செய்வது புவனேஸ்வரனுக்கு மட்டும் உள்ள வியாதியா என்ன? அடுத்த மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சீனி ஏறியிருந்தது. நர்ஸ் மிஸ்ஸி அவளைக் கேட்குமுன் இவரே முந்திக்கொண்டார்.

"திருட்டு மிட்டாய் சாப்பிடறா, மிஸ்ஸி."

திலகா தலையைக் குனிந்துகொண்டாள். ஊசி அளவு கூட்டப்பட்டது. வீட்டுக்கு வரும் வழியில் இரும்புச் சாமான் கடையில் வேனை நிறுத்தி, இரண்டு சாவியுள்ள பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கினார். அவசரப் பெட்டிக்கு.

"கொரங்கு தொறக்கும்" என்றார் அவளிடம்.

"எந்தக் கொரங்கு?" என்று கேட்டாள். அவர் ஒரு சாவியைக் கொத்தில் கோத்துக்கொண்டார், மற்றது வீட்டு அலமாரிக்குப் போயிற்று.

அவரைக் கஞ்சன் என்றோ கொடுமைக்காரன் என்றோ நினைத்துவிடக் கூடாது. பூட்டு அவருக்கு அப்படி வந்ததல்ல. அது வந்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம். தோட்டத்தில் புல் மருந்து அடிக்கும் கேங்கில் தனலெட்சுமி என்று ஒரு பெண் வேலை செய்தாள். வயது பத்தொன்பது. வீட்டில் ஏதோ கல்யாணப் பேச்சு, ஏதோ சண்டை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் மனம் உடைந்தவர்கள் கை நீளும் தூரத்தில் புல் மருந்து இருந்தது. அதனால்தான் மருந்து ஸ்டோருக்குத் தனி விதி: ஆள் உள்ளே இல்லையென்றால் பூட்டு. ஒரு நாள் காலை பத்து மணிக்குப் புவனேஸ்வரன் தேத்தண்ணி குடிக்கப் போனார். கேங்கை நடத்தும் மண்டோர் ராமகிருஷ்ணன் பம்பு எடுக்க வருவதாகச் சொல்லியிருந்ததால், போய்த் திரும்பும் கால் மணி நேரத்துக்குப் பூட்டுவானேன் என்று கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனார். அன்று மத்தியானம் தனலெட்சுமியை மூன்றாவது மர நிரையில் கண்டெடுத்தார்கள். நான்கு நாள் கிடந்து செத்தாள்.

விசாரணைக்கு வந்த துரை ஸ்டோர் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டார், ஸ்டோர் பூட்டியிருந்ததா என்று.

"பூட்டியிருந்துச்சு" என்றார் புவனேஸ்வரன்.

அப்படியென்றால் வெளியில் அளந்து கொடுத்த மருந்தில் மிச்சம் பிடித்திருக்கிறாள், அதைக் கவனிக்காதது மண்டோர் குற்றம் என்று முடிவானது. ராமகிருஷ்ணனுக்கு வேலை போயிற்று. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போனார். எங்கே என்று புவனேஸ்வரன் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அவர் எதையும் பூட்டாமல் ஒரு அடி நகர்வதில்லை. மானேஜர்மார் மெச்சினார்கள். ஓய்வு பெற்ற நாளில், ஒரு தடவைகூட ஸ்டோரில் தவறு நடக்கவில்லை என்று மேடையில் பேசி, சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தை அவர் மாட்டவே இல்லை. ஏன் என்று திலகா கேட்டதற்கு, ஆணி இல்லை என்றார். வீட்டில் அரைக் கிலோ ஆணி இருந்தது, அதுவும் பூட்டிய பெட்டிக்குள்.

இரண்டாவது பயணத்துக்கு இடம் சொன்னதும் திலகாதான். இரட்டைக்குளத் தோட்டத்தின் மேல் குளம். அவள் சின்ன வயதில் துணி துவைத்த இடம். இப்போது லயங்களை இடித்துவிட்டார்கள். சுற்றிலும் செம்பனை மரந்தான். குளத்தங்கரையில் வேனை நிறுத்திப் படுத்தால் எப்படியிருக்கும் என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டில் ஜாகாவாகக் காவல் பார்ப்பது பழைய ஆள் மணியம்தான், கேட்டால் விடுவார். புவனேஸ்வரன் முதலில் வேண்டாம் என்றார். செத்துப்போன தனலெட்சுமியின் அப்பாதான் மணியம். அதைக் காரணமாகத் திலகாவிடம் சொல்ல முடியாது. கதவு திறந்திருந்த கதை அவளுக்கும் தெரியாது. வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் கிடைக்காததால் சரி என்றார்.

மணியத்துக்கு எழுபது இருக்கும். கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க ஐயா, வாங்கம்மா" என்று வேனைச் சுற்றிப் பார்த்து வியந்தார். "ஞாயித்துக்கெழம காலையில எனக்கு ஜாகா எட்டு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள ஒரு நடை வந்துட்டுப் போங்க ஐயா. கோப்பி குடிக்கலாம்."

வெள்ளி மாலை போனார்கள். சனிக்கிழமை முழுதும் திலகா குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இங்கேதான் கல் இருந்தது, இங்கேதான் உங்கள் அம்மா என்னை முதலில் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். கைபேசியில் அங்கே ஒரு கோடும் வரவில்லை. அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது. கொண்டுவந்த ரொட்டி அன்று இரவே தீர்ந்தது. மிச்சம் அரிசி, பருப்பு, ஓட்ஸ், கத்தரிக்காய். எல்லாம் அடுப்பில் ஏறவேண்டியவை. சமைக்காமல் தின்னக்கூடியது எதுவோ அதெல்லாம் அவசரப் பெட்டியில் இருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஓட்ஸ் கிண்டத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் சுடுமுன் அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் தீர்ந்துபோயிற்று.

புவனேஸ்வரன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குள் மணியத்தைப் பார்க்கவேண்டும், குறுக்கே நடந்தாலும் கால் மணி நேரம் ஆகும். போகவேண்டாம் என்று ஒரு மனமும், இருபத்தொன்பது வருஷமாகப் போகாததற்கு இன்றாவது போ என்று இன்னொரு மனமும் அவரை இழுத்துக்கொண்டிருந்தன.

"என்னாங்க, கேஸ் டின் ஒன்னு எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

"அது அடியில இருக்கு. எல்லாத்தையும் எடுத்து வெளிய வைக்கணும். வந்து மாத்தறேன், அரை மணி நேரம்தான்."

"அப்ப சாவியக் குடுத்துட்டுப் போங்க. நான் எடுத்துக்கறேன்."

"சாவியக் குடுத்தா பெட்டியில என்னா மிச்சம் இருக்கும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீ ஊசிய நேரத்துக்குப் போடு. ஊசி போட்டு அரை மணி கழிச்சுத்தான சாப்பிடணும்? சரியா வந்துடுவேன்."

திலகா ஊசிப் பையை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே வயிற்றில் குத்திக்கொண்டாள். கூட்டிய அளவு. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். இடுப்பில் சாவிக்கொத்து கிலுகிலுத்தது. அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் முதுகுதான் அவர் கடைசியாகப் பார்த்தது.

பழைய ஸ்டோர் கட்டடத்துக்கு முன்னால்தான் மணியத்தின் ஜாகாக் கொட்டகை. கோப்பி கலந்து வைத்திருந்தார். எட்டு மணிக்கு மாற்று ஆள் வந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மருந்து ஸ்டோரின் கதவு துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. புவனேஸ்வரன் அதற்கு முதுகைக் காட்டி உட்காரப் பார்த்தார். பெஞ்சு ஒன்றே ஒன்றுதான், அது கதவைப் பார்த்துத்தான் இருந்தது. மழை, விலைவாசி, முட்டி வலி என்று பேச்சு எங்கெங்கோ போனது. எழுந்துவிடலாம் என்று இரண்டு தடவை காலை ஊன்றினார். எழவில்லை. அப்புறம், கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மணியம் அண்ணே. அன்னிக்கு ஸ்டோரு பூட்டல. நான்தான் பூட்டல."

மணியம் பீடியை அணைத்தார்.

"தெரியும் ஐயா. அன்னிக்கு பத்து மணிக்கு வாளி கேக்க நான் வந்தேன். கதவு தொறந்துதான் கெடந்துச்சு. சாத்திட்டுப் போவலாமான்னு நெனச்சேன். ஆபீஸ் ஸ்டாப்பு எடத்துல நமக்கென்னான்னு போயிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா? உங்களுக்கும் வேல போவும். எம்புள்ள எந்திரிச்சு வரவா போவுது?" கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க ஒரு நாளு வந்து சொல்வீங்கன்னு நெனச்சேன். ரொம்ப வருஷம் நெனச்சேன். அப்பறம் விட்டுட்டேன்."

புவனேஸ்வரன் அழுதார். அறுபத்து மூன்று வயது ஆள், பட்டப் பகலில், பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதார். மணியம் அவர் தோளில் கை போடவில்லை, எழுந்து போகவும் இல்லை. பக்கத்திலேயே இருந்தார். ராமகிருஷ்ணனைப் பற்றிப் புவனேஸ்வரன் கேட்டார், அவர் எப்போதோ இறந்துவிட்டதாக மணியம் சொன்னார். தனலெட்சுமி சின்ன வயதில் எப்படியிருப்பாள் என்று சொன்னார். அதைக் கேட்காமல் எழுந்து போவது எப்படி? மனத்திலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அந்த லேசான மனத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஒன்பதே முக்கால்.

ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவர் ஓடினார். மணியமும் பின்னால் வந்தார்.

பெட்டி வேனுக்குள் இல்லை. அந்தக் கனத்தை அவள் எப்படித்தான் இழுத்தாளோ, படிக்குக் கீழே புல்லில் கிடந்தது. ஓட்ஸ் டின் பக்கத்தில் கொட்டிக் கிடந்தது. பச்சையாக அள்ளி வாயில் போட்டிருக்கிறாள், அது இறங்கவில்லை. அவள் பெட்டியின் மேல் சாய்ந்து, ஒரு பக்கமாகக் கிடந்தாள். உடம்பு முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. கையில் குளத்தங்கரைக் கல் ஒன்று இருந்தது. இரண்டு விரல் நகம் பெயர்ந்திருந்தது. பூட்டு நல்ல பூட்டு, அசையவே இல்லை.

"திலகா. ஏ திலகா."

கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. மூச்சு இருந்தது. புவனேஸ்வரன் சாவியைத் தேடினார். முப்பத்தொரு வருஷம் இருட்டிலும் தடவிச் சாவியை எடுத்த கை, அன்று கொத்தில் இருந்த ஏழு சாவியில் எது என்று தெரியாமல் தடுமாறியது. மணியம்தான் கொத்தை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மேல் தட்டில், ஆள் தொலைந்தால் ஊதவேண்டிய விசில்.

சீனியைத் தண்ணீரில் குழைத்து அவள் ஈறில் தடவினார். உள்ளே போனதா, வழிந்ததா, தெரியவில்லை. இருவரும் அவளை வேனில் தூக்கிப் போட்டார்கள். மணியம் பின்னால் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். செம்மண் ரோட்டில் வேன் குதித்த குதியில் தட்டுகளும் சட்டிகளும் உருண்டன. கண்ணாடியில் புவனேஸ்வரன் ஒரே ஒரு தடவை பின்னால் பார்த்தார். மணியம் குனிந்து அவள் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுகோஸ் ஏற்றினார்கள், சீனி ஏறியது. ஆனால் திலகா எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் சீனி இல்லாமல் மூளை பட்டினி கிடந்துவிட்டது என்று சொன்னார்கள். மாதவி ஜோகூரிலிருந்து சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் கேட்டது இளம் டாக்டர் ஒருத்தி. சட்டையில் அஃப்ரின் என்று பெயர் இருந்தது. தமிழ்தான் பேசினாள். மறுநாள் காலை நோட்டோடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? காலையில தல சுத்தறது, வேர்க்கறது, கை நடுங்கறது?"

"வந்திருக்கு. சொல்லுவா."

"வந்தா என்ன செய்வாங்க?"

"மிட்டாய் எடுத்து வாயில போட்டுக்குவா."

"அது சரிதான். அதான் செய்யணும்." அவள் எழுதிக்கொண்டாள். "சில பேருக்கு இப்படி சீனி இறங்கி இறங்கி, அப்பறம் சீனி அளவு ஏறிப் போயிரும். அத வெச்சு ஊசியக் கூட்டினா இன்னும் இறங்கும். அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு, சரியாத்தான் சமாளிச்சிருக்காங்க."

தலை சுத்துச்சா, நாக்கு சுத்துச்சா என்று தான் கேட்டது புவனேஸ்வரனுக்கு முழுசாகக் காதில் விழுந்தது. சி ரூசாவில் அவள் சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டியதும். மிஸ்ஸியின் முன்னால் தலையைக் குனிந்ததும். நாலு மிட்டாய் திருட்டுப் போகவில்லை. அவசரப் பெட்டி எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஒரே ஒரு தடவை செய்திருக்கிறது, அதற்குத்தான் பூட்டு.

டாக்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப அன்னிக்கு ஏன் எடுத்துக்கல? வேன்ல இனிப்பு இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்பறம்?"

மாதவி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். மணியம் வெளி பெஞ்சில் இருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. அவருக்கும் கேட்கும். அறைக்குள் எல்லோரும் இவர் வாயையே பார்த்தார்கள், அன்றைக்கு ஸ்டோர் வாசலில் பார்த்த மாதிரி.

"பூட்டியிருந்துச்சு" என்றார் புவனேஸ்வரன்.

திலகா ஒன்பது நாள் இருந்தாள். பத்தாவது நாள் விடியற்காலை போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மாதவி ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, "அம்மா உங்ககிட்ட சாவி கேட்டாங்களாப்பா?" என்றாள். கேட்டாள் என்றார். மாதவி தட்டில் ரசத்தை ஊற்றினாள். அதற்கு மேல் கேட்கவும் இல்லை, அதற்கு முன்னால் பேசிய மாதிரி பேசவும் இல்லை. மாதம் ஒரு தடவை வருகிறாள், சமைத்து வைக்கிறாள், போகிறாள். வீட்டில் இப்போது எந்த அலமாரிக்கும் பூட்டு இல்லை. வாசல் கதவையும் ராத்திரியில் பூட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டார் மாதவியிடம் புகார் சொன்னார்கள்.

வேனைச் சிரம்பானிலிருந்து யோகேந்திரன் என்று ஒரு பையனும் அவன் பெண்டாட்டியும் வந்து பார்த்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள். ஊர் ஊராகப் போகப்போகிறார்களாம், ஆளே இல்லாத இடமாக. கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் காட்டினார். கட்டிலுக்கு அடியில் பச்சைப் பெட்டி இருந்தது. டார்ச், கயிறு, கேஸ், பிஸ்கட், சீனி எல்லாம் புதிதாக வாங்கி நிரப்பியிருந்தார். கேஸ் டின் மேலே இருந்தது.

"அங்கிள், இதுக்கு மூடி எங்க?" என்று கேட்டான் யோகேந்திரன். "மழ பட்டா நனையுமே."

"நனைஞ்சா வேற வாங்கிக்க."

"பூட்டு போடற மாதிரி ஒன்னு செஞ்சிக்கலாம் லா. கொரங்கு வரும்ல."

புவனேஸ்வரன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா. இப்படி ஒக்காரு." அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, பெட்டி அவள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை. குனிந்து பெட்டியை இரண்டு சாண் முன்னால் இழுத்து, மறுபடி நீட்டச் சொன்னார்.

மூடியை அவர் விற்கவில்லை. கீல்களைக் கழற்றி எடுத்து, வீட்டில் அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார். உள்பக்கம் அட்டை அப்படியே இருக்கிறது, கையெழுத்துப் போடும் கட்டங்கள் காலியாக. வெளிப்பக்கம், பூட்டு தொங்கிய இடத்தைச் சுற்றி, பச்சை பெயிண்ட் பெயர்ந்து, கல் விழுந்த தடங்கள். அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினேழு.